துருவுக்கு மேல் பெயிண்ட் நிற்காது

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. எச்.எம்.டி. வண்டி. ஹரியானா மாநிலத்தில் பிஞ்சோர் என்று ஓர் ஊர். அங்கே இருந்த மத்திய அரசுத் தொழிற்சாலையில் செய்தது. 1971 முதல் அங்கே டிராக்டர் செய்தார்கள். 2016-இல் அந்த டிராக்டர் பிரிவை மூடிவிட அரசு முடிவு செய்தது. அந்தப் பிரிவு போய்விட்டது. வண்டி இன்னும் ஓடுகிறது.

மாமாவுக்குப் புதுச்சேரியில் பாகூர் பக்கம் நிலம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. கடல் தூரமில்லை. சாயங்காலக் காற்றில் உப்பு வரும். அந்த உப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் மாமா வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார். ஒருவர் வந்தார். ஒரே நாளில் வேலையை முடித்தார். வண்டி புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. மாலை போட்டுப் படம் எடுத்தோம்.

அடுத்த ஐப்பசி மழையில் மட்கார்டின் கீழே சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தை மாதம் அறுவடை. அத்தை களத்திலிருந்து வந்து, வழக்கம்போல மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். மாமா இன்னும் சாவியைத் திருப்பவில்லை. 'கரக்' என்று ஒரு சத்தம். மட்கார்டு அடியோடு கிழிந்து சாய்ந்தது. அத்தை கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" என்றார் மாமா.

நன்றாக இல்லை. நன்றாக இருந்தது பெயிண்ட்தான். கிழிந்த இடத்தைப் பார்த்தோம். வெளியே பளபள பெயிண்ட். அதற்குள்ளே விரல் கனத்துக்குப் பட்டி. பட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்திருந்தது. எழுத்து இன்னும் அழியவில்லை. ஏதோ கல்யாண மண்டப விளம்பரம். அதற்கும் பின்னால் இரும்பே இல்லை. காப்பித் தூள் மாதிரி துரு.

வண்டி நின்றிருந்தது. அதனால் மணிக்கட்டோடு போயிற்று. ஓடும்போது கிழிந்திருந்தால் அத்தை பின் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பார்.

அந்தக் கோடையில் ஒரு டிங்கர் அண்ணனை வைத்து மட்கார்டு இரண்டையும் சரிசெய்தோம். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கேள்வி கேட்பதும் என் வேலை. அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் டிராக்டர் இல்லாமல் இருக்கலாம். டிரெய்லர் இருக்கும், ஏர் இருக்கும், இரும்புக் கதவு இருக்கும். துரு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

துரு எப்படி வருகிறது?

இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு வரும். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது அல்லவா? இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் புதிதாக ஒரு பொருள் உண்டாகிறது. அதுதான் துரு. அது இரும்பு இல்லை. அதற்கு இரும்பின் பலமும் இல்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். மூன்று புது ஆணி எடுங்கள். மூன்று கண்ணாடி டம்ளரில் போடுங்கள். ஒன்றில் எதுவும் ஊற்ற வேண்டாம். ஒன்றில் ஆணி பாதி மூழ்கும்படி நல்ல தண்ணீர். ஒன்றில் அதே அளவு உப்புத் தண்ணீர். ஒரு வாரம் விடுங்கள். காய்ந்த ஆணி அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீர் ஆணியைப் பார்த்தால் கடலோரத்து ஜன்னல் கம்பிகள் ஏன் அப்படி ஆகின்றன என்று புரியும். உப்பு துருவைத் தானாக உண்டாக்குவதில்லை. நடக்கிற வேலையை வேகப்படுத்துகிறது.

உரமும் உப்பு மாதிரிதான். யூரியா, டி.ஏ.பி. மூட்டைகளை ஏற்றுகிறோம். கொஞ்சம் சிந்துகிறது. அந்தத் தூள் மடிப்பில் தங்கி, ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுக்கிறது. பேட்டரி இருக்கும் தட்டும் அப்படித்தான். பேட்டரி ஆசிட் சொட்டினால் தகட்டை அரித்துவிடும்.

இன்னொன்று முக்கியம். இரும்பு துருவானால் பருமன் கூடும். ஊறின அரிசி பெருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தால் அது பெருத்து, பெயிண்டை மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். கொப்புளம் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். துரு பஞ்சு மாதிரி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் அடித்து மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். துருவின் மேல் எத்தனை கை பெயிண்ட் அடித்தாலும் இப்படித்தான் ஆகும்.

எங்கே தேடுவது?

நடுவில் தேடாதீர்கள். ஓரத்திலும் மடிப்பிலும் தேடுங்கள். சேற்றுழவு அடித்த வண்டியில் மட்கார்டின் உள்பக்கம் முழுக்கச் சேறு ஒட்டியிருக்கும். நாம் வெளிப்பக்கம் கழுவுவோம். உள்பக்கத்தை விட்டுவிடுவோம். துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

மட்கார்டை அச்சோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் இடம், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், கால் வைக்கும் தட்டு, பேட்டரித் தட்டு, பானெட்டின் கீழ் ஓரம், சீட்டின் அடி. இங்கெல்லாம் பாருங்கள். முதலில் நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கிரீஸ் மேல் உப்புத்தாள் போட்டால் கிரீஸ் இரும்பின் குழிகளுக்குள் போய்விடும்.

பிறகு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். கெட்ட தகடு 'தொப்' என்று சொல்லும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காதுதான். சந்தேகமான இடத்தில் கூர்முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை.

டிங்கர் அண்ணன் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தார். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்ததாம். அதை மட்கார்டில் வைத்து இழுத்துக்கொண்டே போனார். மேலே எல்லாம் பிடித்துக்கொண்டது. கீழே ஓர் இடத்தில் பிடிக்காமல் நழுவி விழுந்தது.

"இங்க இரும்பு இல்ல. வெறும் பட்டி" என்றார்.

கத்தி, ஸ்குரூ டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கிற வண்டியில் காந்தம் வைத்துப் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

வேலைக்கு முன்னால் நான்கு எச்சரிக்கை

இதை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள்.

டீசல் டேங்க். இதன் அருகில் வெல்டிங் வைக்கக் கூடாது. கிரைண்டர் பொறியும் படக் கூடாது. "டேங்க் காலியாத்தானே இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். காலி டேங்க்தான் மிகவும் ஆபத்து. டீசல் போனாலும் உள்ளே ஆவி நிற்கும். காற்றோடு சேர்ந்த ஆவி சூடு பட்டால் டேங்க் குண்டு மாதிரி வெடிக்கும். டேங்கில் ஓட்டை இருந்தால் அதைத் தெரு ஓரப் பட்டறையில் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். வேறு டேங்க் தேடுங்கள்.

இரண்டாவது பேட்டரி. வயரைக் கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். முடிந்தால் கெட்டுப்போன பாகத்தையே வண்டியிலிருந்து கழற்றி, தனியாக வைத்து வேலை செய்யுங்கள். நாங்கள் மட்கார்டுகளைக் கழற்றிவிட்டோம். போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன. முந்தின நாள் இரவே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். இரண்டு போல்ட் அதற்கும் மசியவில்லை. அறுத்து எடுத்துப் புதிது போட்டோம். எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். அதனால் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். பொருத்தும்போது மாமாவுக்கும் டிங்கர் அண்ணனுக்கும் சண்டை வந்தது. படம்தான் தீர்த்து வைத்தது.

மூன்றாவது கண். கம்பி பிரஷ்ஷைக் கையால் தேய்த்தாலும் துருத்தூள் கண்ணில் தெறிக்கும். கிரைண்டரின் கம்பி பிரஷ்ஷில் இருந்து கம்பி பிய்ந்து ஊசி மாதிரி பறக்கும். கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. கிரைண்டரின் மேல் இருக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைக் கழற்றாதீர்கள். துண்டு, முந்தானை, தாவணி எதுவும் தொங்கக் கூடாது.

நான்காவது பழைய பெயிண்ட். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2016-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பெயிண்டில் ஈயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆனால் அது வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டுக்கான விதி. முப்பது வருஷத்துக்கு முன்னால் டிராக்டருக்கு அடித்த பெயிண்டை அது மாற்றிவிடாது. அதனால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டகை பக்கத்திலும் சுரண்டாதீர்கள். கீழே பழைய பிளாஸ்டிக் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள்.

சுரண்டுவது

இனி வேலைதான். முதலில் சுரண்டி. பிறகு கம்பி பிரஷ். பிறகு உப்புத்தாள். உப்புத்தாளின் பின்பக்கம் ஒரு எண் அச்சடித்திருக்கும். எண் சிறிதாக இருந்தால் தாள் சொரசொரப்பு. எண் பெரிதானால் தாள் வழுவழுப்பு. நாங்கள் 60-இல் ஆரம்பித்து, 80, 120 என்று போனோம்.

எதுவரை தேய்ப்பது? இரும்பு வெள்ளையாக மின்னும் வரை. அத்தோடு நிறுத்தக் கூடாது. துரு தெரிகிற இடத்தைத் தாண்டி, நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்க்க வேண்டும். பெயிண்டின் ஓரத்துக்கு அடியில் துரு ஒளிந்துகொண்டு போயிருக்கும். எனக்கு இது தெரியாது. பழுப்பு போனவுடன் "முடிஞ்சுது" என்றேன். அண்ணன் ஒரு பிளேடை எடுத்து ஓரத்தில் நெம்பினார். நல்லதென்று நான் நினைத்த பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது.

தேய்த்து முடித்ததும் மூன்று விதமான இடங்கள் தெரியும்.

சில இடத்தில் மேலோடு துரு. தேய்த்தால் போய்விடும். தோசைக்கல்லில் வருகிற துரு மாதிரி. அங்கே கவலை இல்லை.

சில இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். குழியின் அடியில் கறுப்பாகத் துரு நிற்கும். பிரஷ் அதைத் தொடாது. இதற்குத் துரு நீக்கும் திரவம் பெயிண்ட் கடையில் கிடைக்கும். பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்தது. டப்பாவின் மேல் எவ்வளவு தண்ணீர் கலப்பது, எவ்வளவு நேரம் விடுவது, பிறகு கழுவுவதா துடைப்பதா என்று போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்துக்கூட்டியாவது படித்துவிட்டுத் திறங்கள். கைக்கு ரப்பர் உறை போடுங்கள்.

சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். துரு கரைந்து ஓடுவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த ஆசிட்டின் மிச்சம் குழிக்குள் நின்றுவிடும். உப்பு செய்கிற வேலையையே அதுவும் செய்யும். பழையபடி, முன்னைவிட வேகமாகத் துரு ஏறும். புகையும் நெஞ்சுக்குக் கேடு. வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. குழிகளுக்குள் உப்பு இருக்கும். சுரண்டியபின் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் சூடேறக் காயவைத்து, மறுபடியும் ஒருமுறை தேய்க்க வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரே கொஞ்சம் கரிக்கும். அத்தை குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை இரண்டு குடம் காலி செய்தோம். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து அவர் எங்களைத் திட்டியதை எழுத முடியாது.

மூன்றாவது விதம், ஓட்டை. அல்லது ஓட்டை ஆகப்போகிற இடம். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே வளையும். இதைத் தேய்த்துப் பயன் இல்லை. வெட்டி எடுக்க வேண்டும்.

வெட்டி ஒட்டுவது

பெயிண்ட் அடித்தவர் தவறு செய்தது இங்கேதான். ஓட்டையை நிரப்பினார். ஓட்டையை நிரப்பக் கூடாது. ஓட்டையைச் சுற்றியுள்ள நலிந்த தகட்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, அங்கே வேறு தகடு வைக்க வேண்டும். பட்டியால் ஆளைத் தாங்க முடியாது.

டிங்கர் அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டார். ஓட்டை ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருந்தது. கோடு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. மாமாவுக்கு மனசே இல்லை.

"இவ்வளவு எதுக்குப்பா வெட்டணும்?"

"மாமா, வெல்டிங் புடிக்கிறதுக்கு நல்ல இரும்பு வேணும். மெல்லிசா இருக்கிற இடத்துல ராடு வெச்சா ஓட்டை பெருசாகுமே தவிர அடையாது."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மாமாவின் திருப்திக்காக ஓர் ஓரத்தில் கோட்டுக்கு உள்ளே வெட்டினார். வெல்டிங் வைத்தபோது அந்த ஓரம் மட்டும் மெழுகு மாதிரி உருகி விழுந்தது. மறுபடி வெட்டினோம்.

வெட்டிய இடத்துக்குப் பழைய காலண்டர் அட்டையை வைத்து அளவு எடுத்தோம். அட்டையைத் தகட்டில் வைத்து வரைந்து வெட்டினோம். மூலைகளைக் கூராக விடக் கூடாது. வட்டமாக வெட்ட வேண்டும். கூர் மூலையில்தான் பிற்பாடு விரிசல் விடும். வண்டி குலுங்கக் குலுங்க அது வளரும்.

என்ன தகடு வாங்குவது? நல்ல இடத்தில் பழைய தகட்டின் கனத்தை அளந்து, அதே கனத்தில் வாங்குங்கள். கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். இதில் எண் கூடினால் கனம் குறையும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். 20 கேஜ் இன்னும் மெல்லியது. எங்கள் மட்கார்டுக்கு 16 கேஜ் சரியாக இருந்தது. எண்ணெய் டின்னைப் பிரித்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அது ஆள் பாரம் தாங்காது.

வெல்டிங் வைக்கக் கறுப்புத் தகடு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம். அது துருப்பிடிக்காதே, நல்லதுதானே என்று தோன்றும். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வேலை செய்கிறவர்களில் பலருக்கு இந்தக் காய்ச்சல் தெரியும்.

புதுத் தகட்டைப் பழைய தகட்டின் மேல் படியவைத்து ஒட்டுவது சுலபம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சந்து வரும். சந்தில் தண்ணீர் போகும். சேலையில் ஒட்டுப்போடுவது மாதிரி போடாமல், ஓட்டோடு ஓடு சேர்ப்பது மாதிரி விளிம்போடு விளிம்பு வைக்க வேண்டும். நடுவில் நூல் அளவு இடைவெளி விட வேண்டும். வேறு வழியே இல்லாமல் படியவைத்தால், அந்த விளிம்பு முழுக்க இரண்டு பக்கமும் அடைத்துவிட வேண்டும்.

வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. தகடு சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் முதலில் நான்கு மூலையிலும் பொட்டு வைப்பது மாதிரி ஒவ்வொரு புள்ளி. பட்டறையில் இதை 'டேக் அடிப்பது' என்பார்கள். பிறகு எதிர் எதிர்ப் பக்கம். ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, தூரத்தில் இன்னொரு புள்ளி. இப்படிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கோலம் போடுகிற பொறுமை வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. மெல்லிய ராடும் குறைந்த கரண்ட்டும் போதும்.

இது கற்றுக்கொண்ட கை செய்கிற வேலை. சுரண்டுவது, கழுவுவது, பிரைமர் அடிப்பது எல்லாம் நாமே செய்யலாம். கூலி மிச்சம். வெல்டிங்குக்கு மட்டும் கூலி கொடுங்கள். அருகில் நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணைச் சுடும். ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். நான் பார்த்தேன், பட்டேன்.

பிரைமரும் பட்டியும்

தேய்த்த இரும்பு அம்மணமான இரும்பு. கடலோரத்தில் ஒரே ராத்திரியில் அதன் மேல் செம்மண் நிறம் ஏறிவிடும். எனவே இன்று தேய்த்ததற்கு இன்றே பிரைமர் அடிக்க வேண்டும். பொழுது சாயும் முன் அடிக்க முடியாது என்றால், அவ்வளவு இடத்தைத் தேய்க்காதீர்கள். அடிக்கும் முன் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பிறகு விரல் படக் கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு.

ரெட் ஆக்சைடு பிரைமர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். செம்பழுப்பாக இருக்கும். இரண்டு டப்பாவாக வருகிற எப்பாக்சி பிரைமர் இன்னும் நன்றாகத் தாங்கும். விலை கூட. அதில் இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று எழுதியிருக்கும். கண் மதிப்பில் கலந்தால் காயவே காயாது. உள்பக்கம், மடிப்பு, போல்ட் ஓட்டையின் விளிம்பு எல்லா இடமும் போக வேண்டும். வெளிப்பக்கத்துக்கு ஒரு கை என்றால் உள்பக்கத்துக்கு இரண்டு கை அடியுங்கள். சேறு படுவது அங்கேதான்.

பிரைமர் அடித்துவிட்டோம், இனி பயமில்லை என்று மழையில் நிறுத்திவிடாதீர்கள். சாதாரண ரெட் ஆக்சைடில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் உள்ளே போகும். அதன் மேல் பெயிண்ட் வந்தால்தான் காப்பு.

பட்டி கெட்டதா? இல்லை. வெல்டிங் தேய்த்த இடத்தில் மேடு பள்ளம் இருக்கும். அதைச் சமன் செய்யப் பட்டி வேண்டும். பிரைமர் காய்ந்தபின், மெல்லிசாக, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். காய்ந்தபின் தேய்த்து, அதன் மேல் மறுபடி பிரைமர். பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதைத் திறந்து விடக் கூடாது. பெரிய நசுங்கல் இருந்தால் முதலில் பின்னாலிருந்து சுத்தியால் தட்டி எடுத்துவிட வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கை, நடுவில் காய நேரம். எங்கள் பக்கம் மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். பனி விழுகிற வேளையிலும் மதியக் கடல்காற்று மணலை வாரிக்கொண்டு வரும்போதும் அடிக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் அடித்தோம்.

கடைசியில் ஒரு கூத்து. மட்கார்டின் அடி மடிப்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. நான் அதையும் துரு தின்ற ஓட்டை என்று நினைத்தேன். பட்டி வைத்து அடைத்து, அழகாகத் தேய்த்தும் வைத்தேன். அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "இது கம்பெனியே போட்ட ஓட்டை. தண்ணி வடியறதுக்கு" என்றார். முன்பு பெயிண்ட் அடித்தவரும் இதை அடைத்திருக்கிறார். மடிப்புக்குள் மழைத் தண்ணீர் போக வழி இல்லாமல் நின்றிருக்கிறது. மட்கார்டு அங்கேதான் கிழிந்தது.

நான் வைத்த பட்டியை நானே ஆணியால் குத்தி எடுத்தேன்.

மட்கார்டின் மேல் இப்போது யாரும் உட்காருவதில்லை. புதுத் தகடு ஆளைத் தாங்கும். ஆனாலும் அது உட்காருகிற இடம் இல்லை. சக்கரத்துச் சேறு மேலே படாமல் தடுக்கிற தகடுதான். ஒரு குலுக்கலில் ஆள் விழுந்தால் பின் சக்கரம் ஏறிவிடும். அத்தை இதை மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். களத்துக்கு நடந்தே போகிறார். சேற்றுழவு முடிந்து வண்டி வந்தால் முதலில் உள்பக்கத்தைக் கழுவச் சொல்கிறார். பிறகு ஒரு தென்னங்குச்சியை எடுத்து அந்த ஓட்டையில் விட்டுக் குத்துகிறார். தண்ணீர் சொட்டின பிறகுதான் வண்டி கொட்டகைக்குள் போகிறது.